நெற்றி திரும்பி வரும்வரை

மழை வருமா வராதா என்று பார்க்கக் கண்டியில் எல்லோரும் ஹந்தானை மலையைப் பார்ப்பார்கள். கொழும்பு வீதியில் திருச்செல்வத்தின் திரைச்சீலைக் கடையில் வேலை செய்யும் பிரேமிளா மட்டும் முதலாளியின் நெற்றியைப் பார்ப்பாள். ஒரு கோடு என்றால் தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது. இரண்டு என்றால் யாரோ வெல்வெட்டைக் கசக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போயிருக்கிறார்கள். மூன்றும் எழுந்து, புருவங்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாய் இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டால் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது உத்தமம். பதினோரு வருஷமாக அந்த நெற்றியை வாசித்துத்தான் அவள் உத்தியோகத்தைக் காப்பாற்றி வந்தாள்.

திருச்செல்வத்துக்கு இதெல்லாம் தெரியாது. தன்னுடையது கல்லில் செதுக்கிய முகம், உள்ளே நடப்பது ஒன்றும் வெளியே தெரியாது என்பது அவர் நம்பிக்கை. வயது ஐம்பத்திரண்டு. மனைவி காலமாகி ஒன்பது வருஷம், பிள்ளைகள் இல்லை. வீட்டில் காலியான இடத்தை அவர் பதவிகளைக் கொண்டு நிரப்பினார். அகில இலங்கை சமாதான நீதவான். வர்த்தகர் நலன்புரிச் சங்கத்தின் உபதலைவர். சங்கத்தின் வெள்ளிவிழா மலர்க் குழுத் தலைவர். அந்த மலரின் வெளியீட்டு விழாவுக்குப் போஷகர். இவ்வளவும் விசிட்டிங் கார்டில் ஏறி உட்கார்ந்த பிறகு பெயரைப் பொடி எழுத்தில்தான் போட முடிந்தது.

வெள்ளிவிழாவுக்காகக் கடை வாசலில் ஒரு பதாகை கட்டினார்கள். ஆறடி உயரத்துக்கு அவருடைய முகம், கீழே "என்றும் உங்கள் சேவையில்". படம் எடுத்தவன் தொழில் தெரிந்தவன், நெற்றியில் ஒரு கோடு விடாமல் எடுத்திருந்தான். கட்டிய அன்று மாலை, மெல்லிய தூறலில், கமலாசனி வந்தார். பதாகைக்குக் கீழே நின்றார். குடையைச் சாய்த்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, குடையும் சேர்ந்து குலுங்க, சிரித்தார்.

கடைக்குள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த சமாதான நீதவானுக்குச் சமாதானம் போய்விட்டது.

கமலாசனி சாவகச்சேரிக்காரி. நில அளவையாளர். கண்டிக்கு மாற்றலாகி வந்து இருபது வருஷத்தில், ஹுன்னஸ்கிரியவிலிருந்து கடுகண்ணாவை வரை அவர் ஏறி அளக்காத மேடு இல்லை. கல்யாணம் கட்ட நேரம் கிடைக்கவில்லை என்பார், ஏதோ ஆறரை பஸ்ஸைத் தவறவிட்டதுபோல. இப்போது குண்டசாலையில் மகாவலி தெரிகிற மாதிரி ஒரு வீடு கட்டியிருந்தார். வீட்டுக்கு எட்டு ஜன்னல். ஒரே நாளில் வாங்கக்கூடிய திரைச்சீலையை அவர் ஒரு தடவைக்கு ஒரு ஜன்னல் என்று கணக்காக வந்து வாங்கினார். இதுவரை ஏழு ஜன்னல், ஏழு வருகை. வந்தால் துணியைத் தொட்டுப் பார்ப்பார். "இது நல்ல துணியோ?" என்பார். "மொதல் தரங்க" என்பார் திருச்செல்வம். உடனே அவர் துணியை விட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பார். நிதானமாக, தூரத்து மலையைப் பார்ப்பதுபோல. பிறகு, "இல்லை, மற்றதைக் காட்டுங்கோ" என்பார், அல்லது "சரி, இதையே வெட்டுங்கோ" என்பார்.

அந்தப் பார்வைதான் திருச்செல்வத்தைக் கெடுத்தது. மூன்று மாதமாக அவர் நடந்து திரியவில்லை, கொஞ்சம் மிதந்து திரிந்தார். வாவிக்கரையில் காலை நடை போகும்போது தண்ணீரில் விழுந்த மேகத்தோடு பேசினார். ஜன்னலுக்கு ஜன்னல் வந்து முகத்தைப் பார்க்கிற ஒரு பெண்ணின் மனசில் என்ன இருக்கும்? சாட்சியங்களை எடைபோடத் தெரிந்தவர் அவர். தீர்ப்பும் எழுதியாயிற்று. வைகாசியில் வீடு குடிபுகும் நாளன்று கேட்டுவிடுவதென்று முடிவு. ஆனால் அந்தச் சிரிப்பு? பதாகையைத் திரும்பப் பார்த்தார். நெற்றியில் தேயிலைத் தோட்டத்துப் பாதைகள்போல வளைந்து வளைந்து கோடுகள். இதைப் பார்த்துத்தானே சிரித்தாள். இந்த நெற்றியோடு போய்க் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வாள்.

அப்படித்தான் அவர் பேராதனை வீதியில், ஒரு மாடிப்படியின் உச்சியில் இருந்த அழகுச் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். பெயர்ப்பதிவில் "தோல் ஒவ்வாமை" என்று எழுதினார். காத்திருக்கும் அறையில் மூன்று ஆண்கள். மூவரும் அவருக்குத் தெரிந்தவர்கள், அந்த ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் யாரும் யாரையும் தெரியாதவர்கள். ஒருவர் தியாகராஜா, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். தப்பிக்க வழியில்லாமல் கண் சந்தித்துவிட்டது.

"பல்லைக் காட்ட வந்தேன்" என்றார் தியாகராஜா.

"இது பல் டாக்டர் இல்லீங்களே சேர்."

"அப்படியா? அப்ப எடம் மாறி வந்துட்டேன் போல" என்றவர், எழும்பாமல், கதிரையில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

உள்ளே டாக்டர் நபீல், கையில் வெள்ளைப் பென்சிலோடு இருந்தார். இளவயது, மெல்லிய குரல். அறை முழுக்க வெள்ளை. குளிரூட்டியின் காற்றில் ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல உள்ளே வந்து வெளியே போனது. மேகத்துக்குள் படுத்திருப்பதுபோல இருந்தது திருச்செல்வத்துக்கு.

"சேர், கொஞ்சம் கோவப்படுங்க பாப்பம்."

"எனக்குக் கோவமே வராதுங்க."

"சும்மா முகத்தைச் சுளிங்க. தசை எங்க இழுக்குதெண்டு புள்ளி வைக்கோணும்."

திருச்செல்வம் முயன்று பார்த்தார். கேட்டால் வருகிற சாமானா அது? முகம் தும்மப் போகிறவனுடையதைப்போல ஆனதுதான் மிச்சம். அப்போதுதான் அந்த ஜன்னல் திரையின் ஓரத்தைக் கவனித்தார். மடிப்பு ஒரு பக்கம் இரண்டு அங்குலம், மறு பக்கம் ஒன்றரை. எதிர்க்கடைக்காரன் தைத்தது. பார்த்த மாத்திரத்தில் மூன்றும் இரண்டும் ஐந்து கோடும் எழுந்து நின்றன.

"மாஷா அல்லாஹ்! அப்படியே இரிங்க!" என்று நபீல் விறுவிறுவென்று புள்ளி வைத்தார்.

எறும்பு கடித்ததுபோலச் சின்னச் சின்ன ஊசிகள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரு வாரத்தில் கோடுகள் அடங்கும், மூன்று நாலு மாதம் அப்படியே நிற்கும் என்றார் டாக்டர். கையில் ஒரு தாளைக் கொடுத்தார். நாலு மணித்தியாலத்துக்கு நெற்றியைத் தேய்க்க வேண்டாம், படுக்க வேண்டாம், குனிய வேண்டாம், ஹெல்மட் போட வேண்டாம். கடைசி வரி: "தொழுகையாளிகள் காலை எட்டு மணிக்கே வரவும். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் நேரம் போதும்." அடடா, எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறான் என்று திருச்செல்வம் மெச்சினார். அது அவங்களுக்கு, நமக்கில்லை என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இறங்கியவர் நேரே எங்கே போனார்? முப்பது வருஷமாக எந்த நல்ல காரியம் செய்தாலும் எங்கே போவாரோ அங்கே. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு.

சாம்பிராணிப் புகை தூண்களுக்கிடையே சோம்பலாகச் சுற்றியது. குண்டசாலை வீடு, மகாவலி, விறாந்தையில் இரண்டு கதிரை, எல்லாம் அந்தப் புகையில் தெரிந்தன. திருச்செல்வம் கைகளைக் குறுக்கே மாற்றி நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டார். வழக்கம் மூன்று. அன்றைக்கு விஷயம் பெரிது, ஒன்பது. அதுவும் சும்மா தொட்டுவைக்கிற குட்டல்ல, பிள்ளையாருக்குக் கேட்கிற குட்டு. பிறகு காதைப் பிடித்துப் பன்னிரண்டு தோப்புக்கரணம். ஒவ்வொரு முறை குனியும்போதும் டாக்டரின் தாள் பையிலிருந்து எட்டிப் பார்த்து அதுவும் சேர்ந்து கும்பிட்டது. கடைசியில் திருநீறு. மூன்று விரலால் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அழுத்தி, இழுத்து.

ஐந்தாம் நாள் நெற்றி அடங்கிவிட்டது. காற்றில்லாத விடியலில் கண்டி வாவி எப்படிக் கிடக்கும், அப்படி. திருச்செல்வம் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னை வேறு யாரோ நல்ல மனிதர் என்று நினைத்தார். அன்று கமலாசனி எட்டாவது ஜன்னலுக்கு வந்தார். கூடத்து ஜன்னல், ஆற்றைப் பார்க்கிறது. திருச்செல்வம் நாலு வருஷமாக விலைபோகாத ஒரு துணியை விரித்தார். துருப்பிடித்த தகரத்தின் நிறம், நடுவே மினுமினுக்கும் தங்கக் கொடி.

"இது நல்ல துணியோ?"

"மொதல் தரங்க. அரண்மனை பாணி."

கமலாசனி அவர் முகத்தைப் பார்த்தார். வழக்கத்தை விட நெடுநேரம். எதையோ தேடுகிறவர்போல. "உண்மையாவோ?" என்றார். "உண்மையாங்க." இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, கொஞ்சம் குழம்பி, "சரி, வெட்டுங்கோ" என்றார். இதைவிட ஒரு பெண் எப்படிப் பார்ப்பாள்? அன்று அவர் கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கவேயில்லை, முழுக்க மிதந்துதான் போனார்.

மறுநாள் காலை வலது கண்ணின் இமை பாதியில் வந்து நின்றுவிட்டது.

எவ்வளவு முயன்றும் ஏறவில்லை. அந்தப் பக்கத்து உலகம் ஒரு மெல்லிய சல்லாத் துணிக்குப் பின்னால் போய்விட்டது. தெருவிளக்கு, பஸ், புறா, எல்லாவற்றுக்கும் மேல்பாதி இல்லை. பிரேமிளா பார்த்ததும், "மொதலாளி, தூங்கலியா?" என்றாள். பத்து மணிக்கு, "மொதலாளி, யாருக்குங்க கண்ணடிக்கிறீங்க?" என்றாள். அவளுக்கு வேறு கஷ்டமும் இருந்தது. நெற்றியில் எழுத்து இல்லை. தேத்தண்ணீர் ஆறிவிட்டதா, வெல்வெட் கசங்கிவிட்டதா, ஒளிந்துகொள்ளலாமா வேண்டாமா, ஒன்றும் விளங்கவில்லை. ஏட்டுக்குள்ளே எழுத்தைக் கரையான் தின்றதுபோல இருந்தது.

திருச்செல்வம் நபீலிடம் ஓடினார்.

"நெத்தியில ஏதும் அடிபட்டிச்சா சேர்?"

"இல்லீங்களே."

"அமுக்கினீங்களா?"

"சேச்சே. நேரா கோயிலுக்குத்தான் போனேன்."

"கோயில்ல என்ன செஞ்ச?" பதற்றத்தில் மரியாதை கழன்றுவிட, "செஞ்சீங்க?" என்று திருத்திக்கொண்டார் டாக்டர்.

திருச்செல்வம் எழுந்து நின்று செய்து காட்டினார். இரண்டாவது குட்டிலேயே நபீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தின தரம்?"

"எப்பவும் மூணு. அன்னைக்கு நல்ல விசயம்னு ஒம்போது."

"அல்லாஹ்வே." டாக்டர் மேசையிலிருந்து அந்தத் தாளில் ஒன்றை எடுத்தார். "இதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. சிலருக்குச் சும்மாவும் மருந்து இமைக்கு எறங்கும். ஆனா எங்கட பேப்பர்ல பிள்ளையாரை விட்டது என்ட பிழைதான் சேர்." அடுத்த வாரமே அந்தத் தாளில் ஒரு வரி கூடியது: "குட்டுதல், தோப்புக்கரணம், அழுத்தித் திருநீறு பூசுதல் கூடாது." மருத்துவ வரலாற்றில் திருச்செல்வத்தின் பங்களிப்பு இவ்வளவுதான், அதிலும் பெயர் போடவில்லை.

இமை தானாக ஏற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். அதுவரை ஒரு சொட்டு மருந்து. விட்டால் இரண்டு மூன்று மணித்தியாலம் இமை கொஞ்சம் தூக்கி நிற்கும். அது போதும் என்று நினைத்தார் திருச்செல்வம். கேட்க வேண்டியதைக் கேட்க ஐந்து நிமிஷம் போதாதா?

குடிபுகும் நாளன்று சுபநேரம் காலை ஆறு நாற்பது. ஆறு மணிக்குச் சொட்டை விட்டுக்கொண்டு, பட்டு வேட்டியில், இரண்டு கண்ணும் திறந்தபடி போய் இறங்கினார். ஐயரைக் காணவில்லை. தென்னக்கும்புரப் பாலத்தில் லொறி ஒன்று குறுக்கே நின்று, ஐயர் அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அடுத்த நல்ல நேரம் எட்டரைக்குத்தான். பால் பொங்கி, எல்லோரும் கைதட்டி, பொங்கலும் வடையும் சுற்றி வந்து முடிய ஒன்பது தாண்டிவிட்டது. திரைச்சீலை வியாபாரியின் வலது கண்ணில் திரை மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. சொட்டுப் போத்தல் கடையில், கல்லாப்பெட்டி மேசையில்.

மேல்மாடி விறாந்தையில் கமலாசனி தனியாக நின்றார். கீழே மகாவலி, புகை பிடித்தது போல் மூட்டம். தூரத்தில் பல்லேகல மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் அடிப்பாகம் இல்லாமல் வானத்தில் மிதந்தன. பாதிக் கண்ணுக்கு அது கனவா நிஜமா என்று தெரியவில்லை. திருச்செல்வம் தொண்டையைக் கனைத்தார். பிரேமிளாவை எதிரே நிற்கவைத்து ஒத்திகை பார்த்த பேச்சு.

"வாழ்க்கை எனும் நெடும் பயணத்தில், சமூகப் பணியோடு தனிமையையும் சுமந்து வந்த நான், தங்களைப் போன்ற ஒருவரின் துணை கிடைக்குமாயின் அதைப் பெரும் பேறாகக் கருதுவேன் என்பதைத் தாழ்மையுடன்..."

கமலாசனி பார்த்தார். அதே பார்வை. இமையை அல்ல, அதற்கு மேலே. நெடுநேரம்.

"உண்மையாத்தான் சொல்லுறியளோ?"

"சத்தியமாங்க."

"தெரியேல்லை." அவர் குரலில் சிரிப்பு இல்லை. "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. உங்கட நெத்திக்கு என்ன செய்தனியள்?"

நலன்புரிச் சங்கம், மலர்க்குழு, போஷகர் எல்லாம் விறாந்தைக் கம்பியைத் தாண்டி ஆற்றில் விழுந்தன. மிச்சமிருந்தது ஒரு மனிதர், ஒன்றரைக் கண்.

"ஊசி போட்டுக்கிட்டேன்."

"ஏன்?"

"நீங்க சிரிச்சீங்க. அந்தப் பேனரப் பாத்து."

கமலாசனி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அது உங்கட கோட்டைப் பாத்துச் சிரிச்சதில்லை. கீழ 'என்றும் உங்கள் சேவையில்' எண்டு கிடக்குது, மேல நெத்தி 'போய்த் துலையுங்கோ' எண்டு சொல்லுது. ஆரெண்டாலும் சிரியாமல் இருப்பினமோ?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் உங்கட கடைக்கு வாறதே அந்த நெத்திக்காகத்தான். உங்கட வாய் எல்லாத்தையும் முதல் தரம் எண்டு சொல்லும். கூடாத துணியெண்டால் நெத்தியில ஒரு கோடு ஓடும். உங்களுக்கே தெரியாது. அந்தக் கோட்டைப் பாத்துத்தான் ஏழு ஜன்னலும் வாங்கினனான். ஏழும் திறம். பொய் சொல்லத் தெரியாத மனுசன் எண்டு நினைச்சன்."

"எட்டாவது?"

"அதைக் கீழ போய்ப் பாருங்கோ."

திருச்செல்வம் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். கமலாசனி தொடர்ந்தார்.

"நான் வரைபடம் கீறுற ஆள். சமவுயரக் கோடு இல்லாத படத்தைத் தந்தால் மலை எது, பள்ளம் எது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? மாட்டன் எண்டு சொல்லேல்லை. நெத்தி திரும்பி வரட்டும். வந்தாப்பிறகு வாங்கோ. அதிட்டக் கேட்டுத்தான் மறுமொழி சொல்லுவன்."

கோடு போகவேண்டும் என்று ஊசி போட்டவன் கோடு வரவேண்டும் என்று காத்துக் கிடந்த கதை அதன் பிறகு தொடங்கியது. ஆனி மாத நடுவில் இமை ஏறிவிட்டது. நெற்றி ஏறவில்லை. ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவர் எதிர்க்கடைக்காரனின் ஓர மடிப்பை நினைத்துக்கொண்டார். சங்கத்தின் கணக்கு வாசிப்பை நினைத்தார். ஒன்றும் அசையவில்லை. விதைத்த வயலில் முளை தேடுகிறவனைப்போல விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

கடையில் பிரேமிளா ஒரு நாள் பொறுமையிழந்தாள். "மொதலாளி, கோவமா இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க. பதினோரு வருசமா படிச்ச புத்தகத்தப் பறிச்சிட்டீங்க. எனக்கு இனி ஒன்னும் வெளங்காது."

"தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்றார் திருச்செல்வம், யோசித்து.

"அம்புட்டுத்தானே? சூடாக்கித் தாறேன்."

இவ்வளவு சுலபமா இது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மெல்லப் பழகிவிட்டது. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளரிடம், "இது வெயில்ல வெளுத்துரும்ங்க, வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார். அவர்தான். பதாகை மழையில் வெளுத்து ஒரு பக்கம் கழன்று தொங்கியது. புதிதாகக் கட்டவேண்டாம் என்றார். சிகிச்சை நிலையத்திலிருந்து, "ஐயா, தங்கள் இளமையைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது" என்று குறுஞ்செய்தி வந்தது. வாவிக்கரையில் எதிரே வந்த தியாகராஜாவைப் பார்த்தார். முட்டை ஓடுபோல வழவழவென்று, சந்தோஷமா துக்கமா என்று சொல்லமுடியாத முகம். "பல் எப்படிங்க சேர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார்.

பெரஹரா ஊர்வலம் முடிந்து, ஊரில் யானைச் சாணத்தின் வாசமும் அடங்கிய ஓர் ஆவணிக் காலை. யாரோ ஒருத்தி க்ரீம் நிற வெல்வெட்டைக் கையில் ஐஸ்கிரீமோடு தொட்டாள்.

"மொதலாளி!" பிரேமிளா கத்தினாள். "வந்துருச்சு! கோடு வந்துருச்சு! ஒன்னு. இல்ல, ஒன்னரை!"

திருச்செல்வம் கண்ணாடிக்குப் போகவில்லை. தெருவுக்கு ஓடி ஒரு திரீவீலை மறித்தார். வழியெல்லாம் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டு போனார், காற்றில் அது பறந்துவிடும் என்பதுபோல.

கமலாசனி கதவைத் திறந்தார். கிட்டத்தில் வந்து, கண்ணைச் சுருக்கி, அளக்கிறவர் பார்வையால் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எட்டாவது ஜன்னல். துருப்பிடித்த தகர நிறம் மூன்று மாத வெயிலில் அழுகிய தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. தங்கக் கொடி உதிர்ந்து நிலத்தில் மினுங்கியது. அதற்குப் பின்னால் எங்கோ மகாவலி ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"இது நல்ல துணியோ?"

"கேவலமா இருக்குங்க" என்றார் திருச்செல்வம். "அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் வித்தேன்."

சொல்லும்போதே நெற்றியில் அது எழுந்தது. இடமிருந்து வலமாக, மெல்ல, தூங்கி எழும்புகிற ஒரு கோடு. கமலாசனி அதை முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை இருவரும் அசையவில்லை.

"இப்ப ரெண்டும் ஒண்டைத்தான் சொல்லுது" என்றார்.

"மத்த விசயமும் உண்மைதாங்க. அன்னைக்கு மாடியில சொன்னது. அந்தப் பயணம், பேறு எல்லாம் விட்டுருங்க. எனக்கு ஒங்களப் புடிக்கும். அவ்வளவுதான்."

கமலாசனி மறுபடி நெற்றியைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழே போட்டார்.

"ஓம். ஏறுங்கோ. முதல்ல இதைக் கழட்டுவம். கதிரையை நான் பிடிக்கிறன்."

அவர் ஏறினார். வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசி வளையமும் விட்டபோது துணி பொத்தென்று இருவர் தலையிலும் விழுந்தது. உள்ளே ஒரு நிமிஷம் தோடம்பழ நிற இருட்டு, தூசி, தும்மல், யாரோ சிரிக்கிற சத்தம். விலக்கிக்கொண்டு பார்த்தபோது ஜன்னல் நிறைய ஆறு இருந்தது.